யந்திரமும் நாமும்: விட்டால் திரும்ப வேண்டும்

குதிரைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓட்டுகிறவன் சாட்டையைக் கீழே வைத்துவிட்டால், அதுவும் நடையைத் தளர்த்திக்கொள்ளும். எதிரே பள்ளம் இருந்தால் யாரும் சொல்லாமலே நின்றுவிடும். மோட்டார் வண்டிக்கு அந்தக் குணம் கிடையாது. ‘போதும், வேகத்தைக் குறை’ என்று அதனிடம் சொல்வதற்கு நமக்கு இருக்கும் பாஷை ஒன்றே ஒன்றுதான்: வேக மிதியிலிருந்து காலை எடுப்பது. அந்தப் பாஷை அதன் காதில் விழாமற்போனால் என்ன கதி?

புதுச்சேரியிலிருந்து நேயர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். அவரிடம் பழைய டீஸல் அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒழுங்காகப் போகிறது. ஆனால் சில சமயம் காலை எடுத்த பிறகும் எஞ்சின் அடங்காமல் உறுமிக்கொண்டே இருக்கிறது. மிதியின் அடியில் கால் விரலைக் கொடுத்து மேலே நெம்பினால்தான் ஓய்கிறது. பட்டறைகளில் காட்டியிருக்கிறார். ஒருவர் பம்பையே மாற்ற வேண்டும் என்றாராம். இன்னொருவர், “ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியாகப் போட்டால் சரியாகிவிடும்” என்றாராம். மூன்றாமவரோ, “பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்” என்று வேதாந்தம் பேசி அனுப்பிவிட்டாராம். இவர்களில் யாரை நம்புவது என்று நேயர் கேட்கிறார்.

சோதித்துப் பார்ப்பதற்கு முன் ஒருவரையும் நம்ப வேண்டாம் என்பது நமது பதில். முக்கியமாக, மூன்றாமவரை எந்தக் காலத்திலும் நம்ப வேண்டாம். வயதான வண்டிக்கு மூச்சு வாங்கலாம், புகை வரலாம், கதவு கிறீச்சிடலாம், இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விட்ட மிதி திரும்பாமல் இருப்பதை மட்டும் ஒரு நாளும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அதிலும், புதுச்சேரியின் பழைய நகரத்தில் தெருக்கள் சதுரங்கப் பலகையைப்போல் நேராக ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. நேரு வீதியிலிருந்து மிஷன் வீதிக்குத் திரும்பி, ஆம்பூர் சாலையைக் கடப்பதற்குள் எத்தனை தடவை மிதித்து எத்தனை தடவை விட வேண்டியிருக்கிறது! ஒவ்வொரு முனையிலும் சைக்கிளில் போகிறவர்களும், பள்ளிப் பிள்ளைகளும், பூக்காரிகளும் குறுக்கே வருகிறார்கள். நூறு தடவை திரும்பிய மிதி நூற்றோராவது தடவை திரும்பாவிட்டால், முன்பு திரும்பிய நூறு தடவைக்கும் பிரயோஜனம் இல்லை.

இந்த வண்டியின் பூர்வ கதையைச் சற்றுப் பார்ப்போம். டீஸல் எஞ்சினைக் கண்டுபிடித்த ருடால்ப் டீஸல் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஆனால் அவர் பிறந்த ஊர் பாரிஸ், ஆண்டு 1858. அவருடைய எஞ்சின் 1897-ல் வெற்றிகரமாக ஓடிற்று. 1900-ல் பாரிஸில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் சிறிய டீஸல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடியதாக அவரே 1912-ல் தெரிவித்திருக்கிறார். பிரெஞ்சு அரசாங்கத்தின் விருப்பப்படி நடந்த சோதனை அது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்ஸேல்ஸ் நகரத்துக்கு மூட்டை மூட்டையாக நிலக்கடலை கப்பலேறிய காலமும் அதுவேதான்.

இந்தியாவில் தயாரான முதல் டீஸல் கார் என்ற பெயர் அம்பாஸடருக்கு உரியது. 1980-ஐ ஒட்டி, 1,489 கன செண்டிமீட்டர் டீஸல் எஞ்சினுடன் அது வெளிவந்தது. பிரெஞ்சுக் கம்பெனியான பேஜோவும் 1994 முதல் சில ஆண்டுகள் பம்பாயை அடுத்த கல்யாணில் ஓர் இந்தியக் கம்பெனியுடன் சேர்ந்து ‘309’ என்ற காரைச் செய்து விற்றது; அதிலும் டீஸல் வகை இருந்தது. அம்பாஸடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோயிற்று. 2017-ல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது அதே பேஜோ கம்பெனிதான். ஆக, இப்பொழுது ஓடும் இத்தகைய வண்டிகள் எல்லாம் பத்து வயதைத் தாண்டியவை. பல முப்பதையும் தாண்டியவை. சொந்தக் காருக்கு முதற் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதிகாரி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கிறார். மிதியோ தினந்தோறும் உழைக்கிறது. நடுவிலே பார்க்க வேண்டியவர் சொந்தக்காரர்தான்.

நோயைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மிதியை அமுக்கினால் ஒரு சிறு தகடு திறக்கிறது. அதற்குத்தான் ‘த்ராட்டில்’ என்று பெயர். உள்ளே போகும் காற்றை அது அளக்கிறது. காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலும் போகிறது. பெரும்பாலான பழைய டீஸல் எஞ்சின்களில் இந்தத் தகடே கிடையாது. காற்று தடையின்றி உள்ளே போகிறது. எஞ்சின் அந்தக் காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்த இடத்துக்குள் வைத்து நசுக்குகிறது. நசுங்கிய காற்று நெருப்பாய்ச் சுடுகிறது. அந்தச் சூட்டிலே டீஸலைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்கிறது. மின்சாரப் பொறி எதுவும் வேண்டியதில்லை. ஆகவே, வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எவ்வளவு டீஸல் தூவப்படுகிறது என்பதைப் பொறுத்த விஷயம். அந்தக் கணக்கைப் பார்ப்பது ‘இன்ஜெக்ஷன் பம்பு’.

பம்பின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு லீவர் இருக்கிறது. மிதியிலிருந்து புறப்படும் கேபிளோ, இரும்புத் தண்டோ இந்த லீவரை இழுக்கிறது. பம்புக்குள்ளே ‘கவர்னர்’ என்று ஒரு காரியஸ்தர் உட்கார்ந்திருக்கிறார். லீவர் கொண்டுவரும் கட்டளையையும், எஞ்சின் அப்பொழுது சுழலும் வேகத்தையும் ஒத்துப் பார்த்து, டீஸலைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பது அவர் வேலை. எஞ்சின் எல்லை மீறிச் சுழலாதபடி தடுப்பதும் அவரே.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. லீவரை இழுப்பது மனிதனுடைய கால். அதன் பலம் பெரிது. இழுத்த லீவரைத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு ஸ்பிரிங். அதன் பலம் அற்பம். வழியிலே துரு இருந்தாலும், அழுக்கு இருந்தாலும், அறுந்த இழை இருந்தாலும் கால் அதைப் பொருட்படுத்தாமல் வென்றுவிடும், ஸ்பிரிங் தோற்றுப்போகும். அதனால்தான் மிதிக்கும்போது சாதுவாக இருக்கும் வண்டி, விடும்போது முரண்டு பிடிக்கிறது. இந்த நோய் போகிற போக்கில் தெரியாது; திரும்புகிற போக்கில்தான் தெரியும்.

இனிச் சோதனைக்கு வருவோம். இதற்கு ஒரு ‘ஸ்பானர்’கூட அநேகமாக வேண்டியதில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்திக் கைப் பிரேக்கைப் போட்டு, எஞ்சினையும் நிறுத்தி ஆறவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது விசிறிப் பக்கம் கையைக் கொண்டுபோக வேண்டாம்.

முதலில் மிதியைப் பாருங்கள். காலடியில் போட்டிருக்கும் விரிப்பு மடிந்தோ நகர்ந்தோ மிதியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? அற்பக் காரணம் என்று சிரிக்க வேண்டாம். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஸான் டியேகோ நகரின் அருகே, டொயோட்டா கம்பெனியின் லெக்ஸஸ் கார் ஒன்றில் பொருந்தாத விரிப்பு ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டு விடாததால் நால்வர் உயிரிழந்தனர். அது டீஸல் கார் அல்ல. பழைய காரும் அல்ல. விரிப்புக்காகவும், பிறகு மிதியே ஒட்டிக்கொள்ளும் குறைக்காகவும் அந்தக் கம்பெனி லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. உண்மையை மறைத்துப் பேசியதற்காக 2014-ல் அமெரிக்க அரசாங்கத்துக்கு 120 கோடி டாலர் செலுத்தவும் ஒப்புக்கொண்டது. ஆகவே, விரிப்பை எடுத்து வெளியே போட்டுவிட்டு மேற்கொண்டு பாருங்கள். மிதி ஆடும் கீல் துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தபடியாக, வீட்டில் ஒருவரை மிதியை மெள்ள அமுக்கி மெள்ள விடச் சொல்லுங்கள். நீங்கள் எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டு பம்பின் லீவரைப் பாருங்கள். லீவர் திரும்பி வந்து, அதன் எல்லையாக இருக்கும் சிறு திருகில் மோதி நிற்க வேண்டும். பாதி வழியில் நின்றாலும், தயங்கித் தயங்கி வந்தாலும் கோளாறு இருக்கிறது.

மூன்றாவது சோதனைதான் தீர்ப்புச் சொல்வது. கேபிளின் நுனியை லீவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இப்பொழுது லீவரை விரலால் தள்ளி விடுங்கள். அது ‘டக்’கென்று திரும்பினால் லீவரின் மேல் குற்றமில்லை, குற்றவாளி கேபிளிலோ மிதியிலோ இருக்கிறான். கழற்றிய பிறகும் லீவர் சண்டித்தனம் செய்தால், கேபிளை மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாமல் பம்பைக் கழற்றச் சொல்கிறவர், நாடி பிடித்துப் பார்க்காமல் வயிற்றைக் கிழிக்கச் சொல்லும் வைத்தியரைப் போன்றவர்.

குற்றம் கேபிளில் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கேபிள் என்பது மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி ஓர் உறைக்குள் செலுத்தியிருப்பது. புதுச்சேரியில் காற்றோடு உப்பும் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உறையின் வாய் வழியாக ஈரம் இறங்கி, தாழ்ந்த வளைவில் தங்கிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் வண்டியில் அங்கேயே துரு உட்கார்ந்துகொள்கிறது. அல்லது, இழைகளில் ஒன்று அறுந்து, உறையின் வாயருகே முள்ளைப்போல் நிமிர்ந்து நிற்கிறது. இழுக்கும்போது அந்த முள் படிந்து கொடுக்கிறது. திரும்பும்போது வாயிலிலே குத்திக்கொண்டு நிற்கிறது. நேயர் எழுதியிருக்கும் அறிகுறி இதற்கு மிகவும் பொருந்துகிறது.

இழை அறுந்திருந்தால் மருந்து கிடையாது. கேபிளை மாற்றத்தான் வேண்டும். ஓர் இழை அறுந்தால் மற்றவை அதன் சுமையையும் தாங்கித் தாங்கி ஒவ்வொன்றாக அறும். புதிய கேபிள் கடையில் கிடைக்காவிட்டால், பழையதைக் காட்டி அதே நீளத்துக்கும் கனத்துக்கும் செய்துகொள்ளலாம். அதைக் கூர்மையாக மடக்காமலும், புகைக் குழாயின் சூடு படாமலும் கொண்டுபோக வேண்டும். மிதி விட்ட நிலையில் கேபிளில் சிறிதளவு தளர்ச்சி இருக்க வேண்டும். மிதியை முழுவதும் அமுக்கினால் லீவர் மறு எல்லையைத் தொட வேண்டும்.

வெறும் துருவும் அழுக்கும்தான் என்றால், கேபிளைக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் வாயில் ஒரு காகிதக் குப்பியைக் கட்டி, மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைத்திருங்கள். தையல் யந்திரத்துக்குப் போடும் எண்ணெய் போதும். காலையில் கீழே வழியும் எண்ணெய் காவி நிறமாக இருந்தால் எவ்வளவு துரு இருந்தது என்று உங்களுக்கே விளங்கும். தெளிவாக வரும் வரையில் மறுபடியும் விடுங்கள். உறைக்குள்ளே வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் வைத்துச் செய்த கேபிளாக இருந்தால் எண்ணெய் வேண்டியதில்லை. அது இறுகினால் மாற்றுவதே மேல். கெட்டிக் கிரீஸை உள்ளே திணிக்க வேண்டாம். அது தூசியைச் சேர்த்துப் பசையாகிவிடும். சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெயோ கடலை எண்ணெயோ எடுத்துப் போகவும் வேண்டாம். குத்துவிளக்கில் நாட்பட்ட எண்ணெய் எப்படிப் பிசினாகிவிடுகிறது என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியாததல்ல. டீஸல் துரையின் எஞ்சின் கடலை எண்ணெயைக் குடித்து ஓடியிருக்கலாம். கேபிளுக்கு அது ஆகாது.

குற்றம் லீவரில் என்றால், அது உட்கார்ந்திருக்கும் அச்சைச் சுற்றித் தூசியும் டீஸலும் கலந்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தூரிகையை டீஸலில் நனைத்துத் துலக்கி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் பல சமயம் விடுதலை கிடைக்கும். வெளியே உள்ள ஸ்பிரிங் துருவினால் மெலிந்தோ, கொக்கி தேய்ந்தோ இருந்தால் அதே அளவில் புதியது போடலாம். இதோடு நமது வேலை முடிந்தது. அச்சு பிறகும் இறுகியிருந்தாலும், அதன் வழியாக டீஸல் கசிந்தாலும், பம்பை டீஸல் பம்பு பழுதுபார்க்கும் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே பம்பை மேஜையில் ஏற்றிச் சுழற்றி, ஒவ்வொரு நாஸிலுக்கும் போகும் டீஸலை அளந்து பார்க்கும் கருவி உண்டு. பம்பின் மேல் ஈய முத்திரை வைத்த திருகுகளை நாமோ சாதாரண மெக்கானிக்கோ தொடக் கூடாது.

லீவர் சரியாகத் திரும்பி எல்லைத் திருகைத் தொட்டுவிட்டது. ஆனாலும் எஞ்சின் வேகம் குறையவில்லை என்றால் அது வேறு வியாதி. பேஜோ போன்ற சில எஞ்சின்களில், குளிர்ந்த நிலையில் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடச் செய்வதற்கு மெழுகினால் இயங்கும் ஒரு சிறு கருவி உண்டு. எஞ்சின் சூடேறியதும் அது பிடியை விட்டுவிட வேண்டும். விடாமற்போனால் பழி மிதியின் மேல் விழுகிறது. அதுவும் சரியாக இருந்தால், பம்புக்குள்ளே கவர்னர் ஒட்டிக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். நாட்பட்ட டீஸலும், டீஸலில் கலந்த தண்ணீரும் அதற்குக் காரணமாகலாம். பம்பை மாற்றச் சொன்ன முதல் மெக்கானிக்கின் பேச்சுக்கு இடம் இங்கேதான் வருகிறது; இதற்கு முன்னால் அல்ல.

இரண்டாமவருடைய கெட்டி ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதைப் போட்டால் அன்றைக்கே குணம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் துருவும் அறுந்த இழையும் போட்டபடியே உள்ளே இருக்கின்றன. கெட்டி ஸ்பிரிங்குக்கு எதிராக இழுத்து இழுத்துக் கேபிள் இன்னும் சீக்கிரம் நைந்துபோகும், காலும் வலிக்கும். சில மாதம் கழித்து அது மறுபடியும் பிடித்துக்கொள்ளும்போது, முன்பைவிடப் பலமாகப் பிடித்துக்கொள்ளும். வலியை மறைக்கும் மருந்து வேறு, நோயைத் தீர்க்கும் மருந்து வேறு.

இவ்வளவும் வீட்டு வாசலில் செய்ய வேண்டியவை. வண்டி ஓடும்போதே மிதி பிடித்துக்கொண்டால் என்ன செய்வது? இதை வண்டி ஓட்டும் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். குனிந்து கையால் மிதியைத் தூக்க முயல வேண்டாம். அந்த நேரத்தில் கண் சாலையில் இருக்காது. க்ளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் பேரிரைச்சல் போடும், போடட்டும். சக்கரத்துக்கும் அதற்கும் இருந்த உறவு அறுந்துவிட்டது. கவர்னர் ஒழுங்காக இருக்கும் வரையில் எஞ்சின் எல்லையைத் தாண்டாது. பிரேக்கை ஒரே அமுக்காக, உறுதியாக அமுக்குங்கள். விட்டு விட்டு அமுக்கினால், பிரேக்குக்குத் துணை செய்யும் கருவி உள்ள வண்டிகளில் அந்தத் துணை தீர்ந்துபோகும். இடது ஓரமாக ஒதுங்கி நின்ற பிறகு எஞ்சினை நிறுத்துங்கள்.

நிறுத்துவதிலும் ஒரு பேதம் உண்டு. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் பொறி நின்று எஞ்சினும் நிற்கும். டீஸலுக்குப் பொறி கிடையாது. டீஸலை அடைத்தால்தான் நிற்கும். சில பழைய வண்டிகளில் அதற்கென்று தனியாக இழுக்கும் குமிழ் இருக்கிறது. உங்கள் வண்டியில் எது என்பதை இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அந்த வண்டியை ஓட்டும் மற்றவர்களுக்கும் காட்டுங்கள். வண்டி ஓடும்போது சாவியை உருவிவிட வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். குமிழும் சாவியும் பலிக்காவிட்டால், நின்ற வண்டியில் பிரேக்கைப் பலமாக அமுக்கிக்கொண்டு, உயர்ந்த கியரைப் போட்டு க்ளட்சை விட்டால் எஞ்சின் திணறி நின்றுவிடும். பிறகு, காரணம் தெரியும் வரையில் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரக் கூடாது. கட்டி இழுத்து வருவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

புதுச்சேரி நேயருக்கு முடிவாகச் சொல்வது இது. முதலில் விரிப்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றி லீவரைத் தள்ளிப் பாருங்கள். இழை அறுந்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். பம்பின் மேல் குற்றம் நிரூபணமான பிறகே அதில் கை வைக்க விடுங்கள். பழுது தீர்ந்த பின்பும் மாதத்துக்கு ஒரு நாள், மழைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு நாள், எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியைக் கையால் அமுக்கி விடுங்கள். லீவர் எல்லைத் திருகில் மோதும் ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காத நாளில் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம்.